பீப்பாய் விரிந்த கதை

1905 டிசம்பரில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கிய அயர்ன் கிளாட் என்ற கம்பெனியில் உருவான ஒரு புதுவகை இரும்புப் பீப்பாய்க்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வடிவமைத்தவர் கம்பெனி ஊழியரான ஹென்றி வேர்ஹான். முதலாளி ஒரு பெண்மணி, எலிசபெத் சீமன். அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. நெல்லி பிளை என்றால் பத்திரிகைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மனநிலை பிறழ்ந்தவர்போல் நடித்து மனநோய் விடுதிக்குள் நுழைந்து, அங்கே நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்தவர் அவர். 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அந்தப் பயணத்தில் கப்பல் தாமதமாகிக் கொழும்பில் ஐந்து நாள் காத்துக்கிடந்தவரும்கூட. 1904இல் கணவர் இறந்ததும் கம்பெனிப் பொறுப்பு முழுதாக அவர் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்தில் எண்ணெய் பெரும்பாலும் மரப் பீப்பாயில் போனது. மரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும், எப்படியும் ஒழுகும். இரும்பில் செய்தால் ஒழுகாது. ஆனால் நிரப்பிய பீப்பாயைத் தூக்க ஆள் போதாது. புதிய பீப்பாயின் உடம்பைச் சுற்றி இரண்டு வளையங்கள் புடைத்து நின்றன. சாய்த்துப் போட்டு அந்த வளையங்களின்மேல் ஒருவரே உருட்டிக்கொண்டு போகலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இந்த வகை டிரம்களில் பெட்ரோலை அடைத்துத் தீவு தீவாகக் கொண்டுபோய் இறக்கியது. போர் முடிந்தபோது 200 லிட்டர் டிரம் எட்டிப்பார்க்காத துறைமுகம் அரிதாகிவிட்டது. நம்மூரில் சாலை போடும் இடத்தில் கரி படிந்து நிற்கும் தார் டிரம்மும் அந்த வம்சம்தான்.

டிரம்முக்கு ஒருவழிப் பயணம்தான். சரக்கு இறங்கியபின் காலி டிரம்மைத் திருப்பி அனுப்பினால் கப்பல் கூலிகூடத் தேறாது. போன ஊரிலேயே அது தங்கிவிடும். கரீபியன் தீவுகளில் அப்படித் தங்கிய டிரம்மை இரண்டு நாட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். டிரினிடாட்காரர்கள் அதன் வட்டத் தலையைக் குழித்துத் தட்டி, சுரம் பிடித்து, 'ஸ்டீல் பான்' என்ற வாத்தியத்தை உண்டாக்கினார்கள். உடம்பை ஹெய்ட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பிளந்து, விரித்து, உளியால் வெட்டி, கடற்கன்னியும் பறவையும் மரமும் சூரியனுமாக ஆக்கினார்கள். ஹெய்ட்டியில் இதற்கு 'ஃபெ தெகூப்பே', அதாவது வெட்டிய இரும்பு, என்று பெயர்.

இன்று உலகின் பல நகரங்களில் வீட்டுச் சுவர்களில் அந்த இரும்புக் கடற்கன்னி தொங்குகிறாள். கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் 'குப்பையிலிருந்து கலை' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். வாங்குபவர் மனம் குளிரும் வரி. பிறந்த கதையைத் தோண்டிப் பார்த்தால் அது பாதி உண்மை என்று தெரிகிறது. டிரம் இந்தக் கதைக்குக் கடைசியில் வந்து சேர்ந்த பாத்திரம். அதற்கு முன்பே ஒரு கொல்லர் இருந்தார், ஒரு சுடுகாடு இருந்தது, சாமிக்குத் தரையில் போடும் கோடுகள் இருந்தன.

சிலுவை அடித்த கொல்லர்

ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ். அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கரும்பு விளையும் சமவெளியில் இருக்கிறது குரோவா தெ புக்கே என்ற ஊர். ஜார்ஜ் லியோதோ 1899இல் பிறந்தவர், இந்த ஊர்க் கொல்லர். கரும்பு ஆலைகளுக்காகச் சமவெளியெங்கும் ஓடிய ரயில் பாதைகளில் பழுதுபார்க்கும் வேலை செய்தார். பிறகு சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். மண்வெட்டி, கதவுக் கீல், வண்டிச் சாமான் என்று ஊருக்கு வேண்டியதை அடித்துக் கொடுத்தார். எந்த ஊர்க் கொல்லரும் செய்யும் வேலைதான்.

ஆனால் ஹெய்ட்டியில் கொல்லருக்கும் இரும்புக்கும் இருக்கும் இடம் கொஞ்சம் வேறு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வழிவந்த நாடு அது. 1791இல் கிளர்ந்தெழுந்த அந்த அடிமைகள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள். அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த தெய்வங்களில் ஒருவர் ஓகூ. யோருபா மக்களின் ஓகுன் கரீபியனில் எடுத்த உருவம் அவர். இரும்புக்கும் போருக்கும் அவரே அதிபதி, அரிவாளும் வாளும் அவருடைய ஆயுதங்கள். ஹெய்ட்டியின் வூடு சமயத்தில் அவருக்காக நெருப்பில் இரும்புக் கம்பியை நட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. அங்கே பட்டறைத் தீக்கும் கோயில் தீக்கும் நெருங்கிய உறவு.

லியோதோவின் பட்டறைக்கு வந்த வேலைகளில் ஒன்று, கல்லறைக்குச் சிலுவை. வீட்டில் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் வந்து சொல்வார்கள், அவர் அடித்துக் கொடுப்பார். வெறும் இரண்டு கம்பிகளைக் குறுக்கே வைத்த சிலுவைகள் அல்ல அவை. கைகளின் நுனியில் சுருள், நடுவில் இதயம், கிளை விட்டுப் பிரியும் கம்பிகள், கூர்முனைகள் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

அந்த வளைவுகளுக்கு மூலம் கிறிஸ்தவத்தில் மட்டும் இல்லை. வூடு பூசையில் எந்தத் தெய்வத்தை அழைக்கிறார்களோ அந்தத் தெய்வத்துக்குரிய வடிவத்தைச் சோளமாவால் தரையில் வரைவார்கள். அதற்கு வேவே என்று பெயர். விரல் இடுக்கில் மாவை ஒழுகவிட்டுக் கோடு இழுக்கும் விதத்தைப் பார்த்தால் நம் பெண்கள் வாசலில் கோலம் போடுவதுதான் நினைவுக்கு வரும். இதயம் வரைந்தால் எர்சூலி என்ற காதல் தேவதை. இரட்டைப் பாம்பு என்றால் தம்பாலா. குறுக்கும் நெடுக்குமான கோடுகள் என்றால் வழி திறந்துவிடும் லெக்பா. பூசை நடக்க நடக்க ஆடுபவர்களின் கால்பட்டு வேவே அழிந்துவிடும். சிலுவையும் இந்தச் சமயத்துக்கு அந்நியமானதல்ல. இரண்டு உலகங்கள் குறுக்கிடும் நாற்சந்தி அது. சுடுகாட்டுக் காவலரான பாரோன் சம்தியின் அடையாளமும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்குப் போகிறவர்களில் பலர் இரவில் வூடு பூசைக்கும் போவார்கள். ஆகவே ஒரே சிலுவை இரண்டு பக்கமும் செல்லுபடியானது. தரையில் அழியும் கோட்டை அழியாத இரும்பில் வளைத்து நட்டார் லியோதோ. அப்படிச் செய்ததற்குக் கலை என்று அவரும் பெயர் வைக்கவில்லை, வாங்கியவர்களும் வைக்கவில்லை. இறந்தவருக்குச் செய்யவேண்டிய மரியாதை அது.

புதிய வாடிக்கையாளர்

டிவிட் பீட்டர்ஸ் ஓர் அமெரிக்க நீர்வண்ண ஓவியர். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலம் கற்பிக்கும் வேலையாக ஹெய்ட்டிக்கு வந்தார். வந்த இடத்தில் ஓவியர்களுக்குக் கூடவும் காட்டவும் விற்கவும் ஓர் இடமில்லை என்று பார்த்து, ஹெய்ட்டி எழுத்தாளர்களோடும் ஓவியர்களோடும் சேர்ந்து 1944 மே மாதம் போர்ட்டோ பிரின்ஸில் 'சோந்த்ர் தார்' என்ற கலை மையத்தைத் திறந்தார். முறையாகப் படித்த ஓவியர்களுக்காகத் தொடங்கிய இடத்துக்குச் சீக்கிரமே படிக்காதவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் எக்தோர் இப்போலித், வூடு பூசாரி. சாலையோர மதுக்கடைக் கதவொன்றில் இருந்த பூக்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டு, வரைந்தது யார் என்று விசாரித்துத்தான் பீட்டர்ஸ் அவரிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் ஹெய்ட்டிக்கு வந்தபோது இப்போலித்தின் ஓவியங்களை விலைகொடுத்து வாங்கிப்போனார்.

கதவைப் பார்த்து ஓவியரைத் தேடிப்போன மனிதர், 1953இல் சிலுவையைப் பார்த்துக் கொல்லரைத் தேடிப்போனார். குரோவா தெ புக்கே கல்லறைத் தோட்டத்தில் இருந்த சிலுவைகள் அவர் கண்ணில் பட்டன. அடித்தவர் யார் என்று விசாரித்தார். ஐம்பதைத் தாண்டிய லியோதோ பட்டறையில் இருந்தார். பீட்டர்ஸ் கலை மையத்துக்கும் சிலுவை செய்து தரச் சொன்னார். அது வந்ததும், சிலுவையோடு நிற்க வேண்டாம், உருவங்களும் செய்யுங்கள் என்று ஊக்கினார்.

இதைத்தான் பல புத்தகங்கள் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகின்றன. குரோவா தெ புக்கேயில் ஒருவர்கூட லியோதோவைத் தொலைத்திருக்கவில்லை. நல்ல சிலுவை வேண்டுமென்றால் யாரிடம் போகவேண்டும் என்று ஊருக்கே தெரியும். பீட்டர்ஸ் கொண்டுவந்தது வேறொன்று: புதிய வாடிக்கையாளர். அதுவரை அந்தப் பட்டறையின் அலங்கார வேலையை வாங்கியவர்கள் துக்கத்தோடு வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சிலுவை போதும், அடுத்த சாவு வரை வேலை இல்லை. இனி வாங்கப்போகிறவர் தன் வீட்டுச் சுவருக்காக வாங்குவார், பிடித்திருந்தால் இன்னொன்றும் வாங்குவார். யாருக்குச் செய்கிறோம் என்பது மாறியதும் என்ன செய்யலாம் என்பதும் மாறியது. கம்பியில் வளைத்த வேவே மனித உருவமாகியது. சிறகுள்ள பேய்கள், கொம்புள்ள மாடுகள், மீன்வால் கொண்ட பெண்கள் எல்லாம் பட்டறையிலிருந்து வெளியே வரத் தொடங்கின. அந்த மீன்வால் பெண் லா சிரேன், கடலின் தேவதை. அவளை லியோதோ திரும்பத் திரும்ப, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் செய்தார்.

உருவம் செய்ய அகலமான தகடு வேண்டும். கம்பி போதாது. புதுத் தகடு கப்பலில் வரவேண்டும், அந்த விலை கொல்லருக்குக் கட்டாது. துறைமுகத்திலும் நகரத்திலும் காலி டிரம்கள் கிடந்தன. டிரம் இந்தக் கதைக்குள் உருண்டு வந்தது இப்போதுதான்.

ஆறடிக்கு மூன்றடி

டிரம்மின் கணக்கைப் பார்த்தால் அது ஏன் இவ்வளவு பொருந்தியது என்று புரியும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 57 சென்டிமீட்டர். அப்படியென்றால் சுற்றளவு 180 சென்டிமீட்டர், அதாவது ஆறடி. உயரம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு உடம்பை விரித்தால் ஆறடிக்கு மூன்றடியில் ஒரே தகடு. கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உளியால், உலையே இல்லாமல், குளிர்ந்த நிலையிலேயே வெட்டிவிடலாம். வெட்டியபின் சுவரில் தொங்கினாலும் துவண்டு வளையாது. இதைவிட மெல்லிசாக இருந்தால் கிழிந்துபோகும், தடிமனாக இருந்தால் ஒரு பறவைக்கு ஒரு வாரம் ஆகும்.

வேலை மூடியில் தொடங்குகிறது. உளியை விளிம்பில் வைத்து அடித்து, மேல்மூடியையும் அடிமூடியையும் வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே எண்ணெயோ ரசாயனமோ ஒட்டியிருக்கும். அடைத்த டிரம்மில் தீப்பட்டால் வெடிக்கும். இரண்டு பக்கமும் திறந்தபிறகே அதற்குள் காய்ந்த வாழைச் சருகையோ கரும்புத் தோகையையோ திணித்துக் கொளுத்துகிறார்கள். பெயிண்டும் கசடும் எரிந்து போகின்றன. கரும்புச் சமவெளியில் இருக்கும் ஊருக்கு இந்த விறகு காசில்லாமல் கிடைப்பது.

ஆறியபின் மேலிருந்து கீழாக ஒரே வெட்டு. இப்போது டிரம் திறந்த குழாய். கைவினைஞர் அதற்குள் புகுந்து, தோளாலும் காலாலும் முட்டித் தள்ளி, தன் உடம்பு எடையாலேயே அதை விரிக்கிறார். பிறகு சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்குகிறார். உருட்டுவதற்காகப் புடைத்து நின்ற அந்த இரண்டு வளையங்களும் அடிபட்டு அடங்குகின்றன. முழுவதும் மறைவதில்லை. பல சிற்பங்களில் தகட்டின் குறுக்கே மெல்லிய தழும்பாக அவை தெரியும்.

தகட்டின்மேல் சுண்ணக்கட்டியால் படம் வரைகிறார்கள். புதிய படமென்றால் கைபோன போக்கில். ஏற்கனவே விற்றுப் பெயர்வாங்கிய படமென்றால் அதன் அச்சு அட்டையிலோ தகட்டிலோ வெட்டி வைத்திருப்பார்கள், சுற்றிக் கோடு இழுத்தால் போதும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். பெரிய உளி வெளிக்கோட்டுக்கு, சின்ன உளி உள்கோட்டுக்கு, மழுங்கிய முனை புடைப்பு எடுக்க. மின்சாரம் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பின்பக்கத்திலிருந்து தட்டினால் கன்னம் புடைக்கும், முன்பக்கத்திலிருந்து தட்டினால் செதிலும் இறகும் பதியும். வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க வார்னிஷ் பூசி, ஓரத்தில் செய்தவர் பெயரை உளியால் குத்தினால் முடிந்தது. மூடியாக இருந்த வட்டங்கள் சூரிய முகமாகவும் நிலாவாகவும் மாறும். வெட்டில் விழுந்த துண்டுகள் பல்லியாகும், சிட்டுக்குருவியாகும்.

ஒரே தகட்டில் வெட்டுவதால் ஒரு சட்டம் தானாக வந்துவிடுகிறது. எந்த உருவமும் தனியாக நிற்க முடியாது. பறவையின் அலகு இலையைத் தொட வேண்டும், இலை கிளையைத் தொட வேண்டும், கடற்கன்னியின் கூந்தல் பக்கத்து மீனின் வாலைப் பிடித்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் தொடர்பு அறுந்தால் அந்தத் துண்டு கீழே விழுந்துவிடும். ஹெய்ட்டி இரும்புச் சிற்பங்களில் மனிதர் மரமாவதும், மரம் பறவையாவதும், பாம்பு பெண்ணின் கையாவதும் எப்போதும் நடக்கின்றன. வூடு நம்பிக்கையில் தெய்வம் மனிதருக்குள் புகும், மனிதர் வேறொன்றாவார் என்பதால் இப்படி என்று விளக்குவார்கள். அது சரிதான். கூடவே, இரும்புக்கும் அது தேவைப்பட்டது. நம்பிக்கையும் தகடும் ஒரே திசையில் இழுத்த இடத்தில் இந்தக் கலைக்கு அதன் முகம் கிடைத்தது.

ஒரு பட்டறை ஒரு தெருவானது

லியோதோவோடு இது முடிந்திருந்தால் ஒரு தனி மேதையின் கதையாக இருந்திருக்கும். ஆனால் முடியவில்லை. கலை மையத்தில் ஓவியராக இருந்த மூரா பிரியேர் அவரைப் பார்த்து இரும்புக்கு மாறினார். ஓர் உருவத்துக்குள் இன்னொரு உருவம், வயிற்றுக்குள் முகம் என்று ஒன்றினுள் ஒன்றாக அடுக்கியது அவர் பாணி. குரோவா தெ புக்கேயிலேயே ஜான்வியே, ஜோசப், செரேசியே என்ற லூயிஜுஸ்த் சகோதரர்கள் மூவரும் உளி எடுத்தார்கள். அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறை வந்தது. 1951இல் பிறந்த காப்ரியேல் பியன் எமே வாகன மெக்கானிக்காக இருந்தவர், ஜான்வியேயிடம் தொழில் கற்றார். தகட்டை வெட்டியதோடு விடாமல் மடக்கி முறுக்கி முன்னால் துருத்தவைத்தார். 1952இல் பிறந்த செர்ஜ் ஜோலிமோ செரேசியேயின் மாணவர். நீண்ட கழுத்தும் அலையும் கூந்தலுமான உருவங்களைப் பார்த்தாலே அவர் கை என்று சொல்லிவிடலாம்.

இவர்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடம் பட்டறைதான். சிறுவன் முதலில் டிரம் எரிக்கிறான், அப்புறம் தட்டிச் சமமாக்குகிறான், அப்புறம் விளிம்பைத் தேய்க்கிறான். கோட்டின்மேல் உளி பிடிக்க விடுவதற்குள் வருடங்கள் ஓடும். ஒருநாள் அவனே சுண்ணக்கட்டியை எடுக்கிறான். பிறகு பக்கத்திலேயே தனியாகப் பட்டறை போடுகிறான். ஊரின் நோவாய் பகுதி இப்படித்தான் பட்டறைத் தெருவாகியது. வெளிச்சுவர் முழுக்கச் சிற்பம் தொங்கும், உள்ளே நாலைந்து பேர் அடிப்பார்கள். கைதேர்ந்த கைவினைஞரை ஹெய்ட்டியில் 'போஸ்' என்று அழைப்பார்கள். நோவாயில் யாரைக் கூப்பிட்டாலும் ஒரு போஸ் திரும்பிப் பார்ப்பார் என்கிற நிலை வந்தது.

தெரு உருவானதும் ஒரு தொழில்சங்கிலியும் உருவானது. நகரத்தில் காலி டிரம்களைத் திரட்டி விற்பவர் ஒருவர், வண்டியில் ஏற்றிக் கொண்டுவருபவர் இன்னொருவர், எரித்து விரிப்பவர் வேறொருவர், வார்னிஷ் பூசுபவர் மற்றொருவர். டிரம்மை யாரும் சும்மா கொடுத்ததில்லை, அதற்கு ஒரு விலை இருந்தது. நோவாயில் அது மூலப்பொருளாக இருந்தது. குப்பை என்ற சொல் கடைச் சீட்டில் மட்டும்தான் வாழ்கிறது. நல்ல தகடு வந்தால் போட்டி போட்டு வாங்குவார்கள், உள்ளுக்குள் துரு ஏறியதைத் தட்டிப் பார்த்து ஒதுக்குவார்கள்.

விற்ற கதை

முதலில் விற்றுக்கொடுத்தது கலை மையம். அப்புறம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 1970களில் ஹெய்ட்டிக்குக் கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்கள் குரோவா தெ புக்கேக்கும் ஒரு நடை போய் வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுகாதாரத் துறை எய்ட்ஸ் ஆபத்துள்ளோர் பட்டியலில் ஹெய்ட்டிக்காரர்களை ஓர் இனமாகவே சேர்த்தது. பிறகு அதை நீக்கினாலும் பழி ஒட்டிக்கொண்டது, சுற்றுலா நொறுங்கியது. வாங்குபவர் ஊருக்கு வரவில்லையென்றால் சரக்கு அவர் ஊருக்குப் போகவேண்டும். நியாய வணிக அமைப்புகளும் ஏற்றுமதியாளர்களும் நோவாய்ச் சிற்பங்களைக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் டென் தௌசண்ட் வில்லேஜஸ் கடைகளிலும் அவை தொங்கின.

ஏற்றுமதிக்கு ஏற்றபடி சரக்கும் மாறியது. கொம்பும் துருத்திய நாக்குமாக லியோதோ செய்த பேய்களைப் படுக்கையறைச் சுவரில் மாட்ட எல்லோருக்கும் துணிச்சல் வராது. மரமும் பறவையும் விற்கும். கடற்கன்னி எப்போதும் விற்பாள். ஒரே அச்சில் நூறு என்று கேட்டு ஆர்டர் வரும்போது போஸ் கோடு இழுக்க, பையன்கள் வெட்டினார்கள். இதைச் சீரழிவு என்று சொல்லும் கலை விமர்சகர்கள் உண்டு. ஆனால் நூறு மரத்துக்கு வந்த காசில்தான் தெருவின் அடுப்பு எரிந்தது, பையன்களுக்கு உளி பழகியது. அந்த நூற்றில் கைபழகிய யாராவது ஒருவர் பின்னால் தனக்கென ஒரு கோடு கண்டுபிடிப்பார். லியோதோவே கீலும் மண்வெட்டியும் அடித்துக்கொண்டுதான் சிலுவை அடித்தார்.

மறுபக்கத்தில் அருங்காட்சியக மரியாதையும் வந்தது. 1989இல் பாரிஸின் பாம்பிடு மையம் நடத்திய 'மாஜிசியன் த லா தேர்' என்ற பெரிய கண்காட்சியில் ஐரோப்பிய, அமெரிக்கக் கலைஞர்களுக்குச் சமமாக லியோதோவின் இரும்பும் நின்றது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர் காலமானார்.

2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவிலான நிலநடுக்கம் போர்ட்டோ பிரின்ஸைத் தரைமட்டமாக்கியது. கலை மையத்தின் கட்டடமும் இடிந்தது. ஆயிரக்கணக்கான படைப்புகளை இடிபாடுகளிலிருந்து மீட்டெடுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் மேசிஸ் கடைகள் 'ஹார்ட் ஆஃப் ஹெய்ட்டி' என்ற பெயரில் ஹெய்ட்டிக் கைவினைப் பொருள்களை விற்கத் தொடங்கின. உதவித்தொகையாகக் கொடுத்தால் ஒருமுறையோடு முடியும், ஆர்டராகக் கொடுத்தால் தொடரும் என்பது அதன் கணக்கு. நோவாய்ப் பட்டறைகளுக்கு அதில் நல்ல பங்கு கிடைத்தது.

தெரு காலியானபோது

நிலநடுக்கம் செய்யாததைத் துப்பாக்கி செய்தது. '400 மவோசோ' என்ற ஆயுதக் கும்பல் குரோவா தெ புக்கேயைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் அங்கே 17 வெளிநாட்டு மிஷனரிகளைக் கடத்தியதும் உலகச் செய்தியானது. அதே மாதம் ஊரின் பெயர்பெற்ற சிற்பி ஒருவரும் கொல்லப்பட்டார். வாங்க வருபவர்கள் நின்றார்கள், டிரம் ஏற்றிய வண்டிகள் நின்றன. கைவினைஞர்கள் பலர் பட்டறையைப் பூட்டிவிட்டோ பூட்டக்கூட நேரமில்லாமலோ ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

போன இடத்திலும் வேலை செய்யலாம். இந்தத் தொழிலுக்கு வேண்டிய கருவிகள் ஒரு பையில் அடங்கும். காலி டிரம் எங்கேயும் கிடைக்கும், சருகும் தோகையும் கிடைக்கும். சரக்கை அனுப்ப வழியிருந்தால் வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். கழிவுப்பொருளை வைத்துத்தான் இந்தக் கலை வாழ்கிறது என்றால், இதற்கு ஓர் ஆபத்தும் இருக்கக் கூடாது. உலகத்தில் டிரம்முக்குப் பஞ்சமே வரப்போவதில்லை.

போன இடத்தில் கிடைக்காதது அந்தத் தெரு. டிரம் எரிக்கும் பையன் அதை எரித்தபடியே பக்கத்துப் பட்டறையில் ஜோலிமோவின் கை எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒருவர் புதிதாக ஒரு மடிப்பு கண்டுபிடித்தால் ஒரு வாரத்தில் எதிர்ப் பட்டறையில் அதற்குப் பதில் வரும். திருடிவிட்டான் என்று சண்டை வரும், அந்தச் சண்டையில் இன்னொரு பாணி பிறக்கும். லியோதோவிலிருந்து லூயிஜுஸ்த் சகோதரர்களுக்கும், அவர்களிலிருந்து பியன் எமேக்கும் ஜோலிமோவுக்கும், அங்கிருந்து பெயர் தெரியாத நூறு பேருக்கும் தொழில் கைமாறியது அப்படித்தான். வாடகை வீட்டின் மூலையில் தனியாக உட்கார்ந்து வெட்டுபவர் நல்ல சிற்பம் செய்வார், குடும்பத்தைக் காப்பாற்றுவார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் பக்கத்தில் ஒரு பையன் இருக்கமாட்டான்.

கொல்லரிடம் சிலுவை கேட்டு வந்த குடும்பங்கள், அதைப் பார்த்து நின்ற ஓர் அந்நியர், பக்கத்தில் குந்தியிருந்து பழகிய பையன்கள் என்று மூன்று வகை மனிதர்கள் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்தக் கலை. டிரம் அவர்களுக்கு வாய்த்தது, அவ்வளவுதான். நோவாய்க்காரர்கள் இன்று திரும்பக் கேட்பது தகடு அல்ல, வீடு திரும்பும் பாதை. அது திறந்தால் மற்றதை அவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள். ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார்கள்.